கடலில்லாத கிருஷ்ணகிரிக்குக் கடல் பாதுகாப்பில் என்ன வேலை?

கேள்வி: "போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். ஜெத்தாவுக்கும் ராட்டர்டாமுக்கும் கன்டெய்னர் போகிறது. செங்கடல் தகராறில் வாடகையும் தாமதமும் எங்களை உலுக்கிவிட்டன. இந்தியப் பெருங்கடல் நாடுகள் கூடிக் கூடிப் பேசுகிறார்களே, அந்த ஒத்துழைப்பால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன் உண்டா, இல்லை எல்லாம் மாநாட்டுப் படம்தானா?"

பயன் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. எந்த ஒத்துழைப்பு வேலை செய்கிறது, எது போட்டோவுக்கு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள டெல்லி அறிக்கைகளைத் தேட வேண்டாம். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் பிரீமியத்தைப் பாருங்கள். அவர்களுக்கு எந்த நாட்டின் மீதும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது.

லண்டனில் ஜாயின்ட் வார் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. கப்பல் காப்பீட்டாளர்களின் குழு. ஆபத்தான கடற்பகுதி எது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பகுதிக்குள் நுழையும் கப்பல் முன்கூட்டியே தகவல் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். கப்பல்காரர் அதைக் கையிலிருந்து போடுவாரா? சர்சார்ஜ் என்ற பெயரில், உங்கள் சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டரின் பில்லில் வந்து உட்காரும்.

2005 ஜூனில் இந்தக் குழு மலாக்கா நீரிணையைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கியிருந்தன. பட்டியலில் பெயர் வந்ததும் வேகம் கூடியது. 2005 செப்டம்பரில் விமானக் கண்காணிப்பு வந்தது. ஒரு நாட்டு விமானத்தில் மற்ற நாட்டு அதிகாரிகளும் ஏறிப் பறப்பார்கள். அடுத்த நாட்டுக் கடல்மேலும் கரையிலிருந்து 3 கடல் மைல் தள்ளிப் பறக்கலாம். கப்பல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, எல்லைக்கோடு வந்ததும் துரத்தலை அடுத்த நாட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இறையாண்மையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, வேலையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2006 ஆகஸ்டில் மலாக்காவைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2008-ல் தாய்லாந்தும் சேர்ந்தது. நான்கே நாடுகள், ஒரே ஒரு நீரிணை, ஒரே ஒரு பிரச்சினை. இந்த மூன்றும் குறுகலாக இருந்ததால்தான் அது நடந்தது என்பது என் கருத்து.

நம் பக்கத்துக் கதை அவ்வளவு சுகமாக இல்லை. சோமாலியக் கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்த 2010-ல் கப்பல் துறையினர் 'அதி ஆபத்துப் பகுதி'யின் கிழக்கு எல்லையை 78° கிழக்குத் தீர்க்கரேகை வரை இழுத்துவிட்டார்கள். அந்தக் கோட்டை அப்படியே வடக்கே நீட்டினால் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகும். அதாவது இந்தியாவின் மேற்குக் கடற்கரை முழுக்க ஆபத்துப் பகுதிக்குள். விளைவு இரண்டு. மேற்குக்கரைத் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக்குச் செலவு கூடியது. கப்பல்கள் நம் கரையை ஒட்டியே போகத் தொடங்கியதால், ஆயுதக் காவலர் ஏறிய கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் ஒரே இடத்தில் மோத வேண்டியதாயிற்று. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றது இந்தச் சூழலில்தான். 2015-ல் கோடு 65° கிழக்குக்குப் பின்வாங்கியது. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பகுதியே ரத்தானது. பல நாட்டுக் கடற்படைகள் ஆண்டுக்கணக்கில் ரோந்து சுற்றியதும், கப்பல்களே தற்காப்பு முறைகளைக் கற்றுக்கொண்டதும் அதற்குக் காரணம்.

ரோந்து மட்டும் போதாது, பிடித்தவனைத் தண்டிக்கச் சட்டமும் வேண்டும் என்பதை இந்தியா கசப்பாகக் கற்றது. 1999-ல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பலை இந்தோனேசியா பக்கம் கடத்தினார்கள். நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக்கடலில் துரத்திப் பிடித்தன. மும்பை நீதிமன்றம் 2003-ல் தண்டனை கொடுத்தது. 2005-ல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. இந்தியச் சட்டத்தில் கடற்கொள்ளைக்கென்று தனிக் குற்றமே அப்போது இல்லை. கடல்சார் கொள்ளை எதிர்ப்புச் சட்டம் 2022-ல்தான் வந்தது. அதன் பலன் 2024 மார்ச்சில் தெரிந்தது. முந்தைய டிசம்பரில் கடத்தப்பட்ட ருவென் என்ற கப்பலைக் கொள்ளையர்கள் தாய்க்கப்பலாக்கிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியபோது, ஐ.என்.எஸ். கொல்கத்தா மறித்தது; கமாண்டோக்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். 17 மாலுமிகளும் உயிரோடு மீண்டார்கள், 35 கொள்ளையர்களும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கைச் சந்தித்தார்கள்.

இதற்குப் பின்னால் ஆரவாரமில்லாத ஒரு வேலை நடக்கிறது. குருகிராமில் 2018 டிசம்பரில் இந்தியக் கடற்படை தொடங்கிய தகவல் இணைவு மையத்தில் பிரான்ஸ், ஜப்பான், சிங்கப்பூர், இலங்கை உள்ளிட்ட நாடுகளின் அதிகாரிகள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கப்பலின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி காட்டும் இடமும், அது கிளம்பியதாகச் சொன்ன துறைமுகமும் பொருந்துகிறதா, எந்த மரக்கலம் நாலு நாளாகக் காணவில்லை, எந்தக் கப்பல் கருவியை அணைத்துவிட்டு இருட்டில் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கடற்கொள்ளையைத் தடுக்க ஆசிய நாடுகள் போட்ட ரீகேப் ஒப்பந்தத்தின்கீழ் சிங்கப்பூரில் 2006 முதல் இயங்கும் மையமும் இதே ரகம். அந்த ஒப்பந்தம் பிறக்க ஒரு காரணமே மேலே சொன்ன அலோண்ட்ரா ரெயின்போதான். மலாக்காவின் இரு கரைகளிலும் இருக்கும் மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் உறுப்பினராகவில்லை என்பது வேடிக்கை. ஆனாலும் தகவல் பரிமாற்றம் நடக்கிறது.

இனி செங்கடல். 2023 நவம்பர் 19-ல் கேலக்ஸி லீடர் கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு 10 முதல் 14 நாள் கூடியது. 2025 ஜூலையில்கூட மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார்கள். மலாக்காவில் பலித்த மருந்து இங்கே பலிக்கவில்லை. ஏனென்றால் இது கடற்கொள்ளையே இல்லை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-வது பிரிவுப்படி, சொந்த லாபத்துக்காக ஆழ்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் தாக்கினால்தான் கொள்ளை. கரையிலிருந்து ஏவுகணை விடுவது போர். கொள்ளையனை எதிர்த்து எல்லா நாடும் ஒரே பக்கம் நிற்கும். போரில் ஆளுக்கொரு பக்கம்.

இந்த வித்தியாசம் உங்கள் பாலிசியில் நேராக இறங்கும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். மாங்கூழுக்குப் பெரும்பாலும் எடுப்பது இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் 'ஏ'. 'ஆல் ரிஸ்க்' என்று ஏஜென்ட் சொல்வார். அதில் கடற்கொள்ளை அடங்கும். போர், பறிமுதல், ஏவுகணை எதுவும் அடங்காது. அதற்கு வார் கிளாஸ், ஸ்ட்ரைக் கிளாஸ் இரண்டையும் தனியாகச் சேர்க்க வேண்டும். 'பி', 'சி' வகை எடுத்திருந்தால் கடற்கொள்ளைக்கும் பணம் வராது. வார் கிளாஸ் சரக்கு கப்பலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரைதான் பேசும்; கடைசித் துறைமுகத்தில் கப்பல் வந்து 15 நாளாகியும் சரக்கு இறங்காமல் கிடந்தால் அதோடு முடிந்தது. ஜெத்தாவுக்குப் போக வேண்டியதை தம்மாமில் இறக்கி லாரியில் கொண்டுபோனால், அந்தத் தரைவழியில் போர்ச் சேதத்துக்குக் காப்பு இல்லை. இன்னொன்று, காப்பீட்டாளர் 7 நாள் நோட்டீஸ் கொடுத்து வார் கிளாஸை ரத்து செய்யலாம். ஏற்கெனவே கிளம்பிவிட்ட சரக்கைத் தொட முடியாது, ஆனால் அடுத்த கன்டெய்னருக்குப் புது ரேட். எல்லா லோடுக்கும் சேர்த்து எடுத்த ஓப்பன் பாலிசி இருக்கிறதே என்று அசந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தாமதத்துக்கு மட்டும் எந்தக் கிளாஸிலும் காசு கிடையாது. தாமதத்தின் காரணம் காப்பீடு செய்த ஆபத்தாகவே இருந்தாலும் இல்லை. கிருமி நீக்கி அடைத்த அசெப்டிக் கூழ் இரண்டு வாரத்தில் கெட்டுவிடாது. ஆனால் வெயிலில் கிடக்கும் டிரம்மில் நிறம் கறுக்கும், வாங்குபவர் விலையில் கழிப்பார். எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) உள்ள தேதி தாண்டினால் டாக்குமென்டில் குறை என்று வங்கி கையை விரிக்கும், ஏற்றுமதிக்காக வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசியில், இந்தியாவுக்கு வெளியே கப்பல் திசைமாறியதால் வந்த கூடுதல் போக்குவரத்து, இன்சூரன்ஸ் செலவை வாங்குபவரிடம் வசூலிக்க முடியாமல் போனால் அதற்குக் காப்பு உண்டு. பலர் இ.சி.ஜி.சி.யை வாங்குபவர் திவாலானால் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பனை சி.ஐ.எஃப். விலையில் (காப்பீடும் கப்பல் வாடகையும் சேர்ந்த விலை) என்றால் ஒப்பந்தத்திலேயே 'வழி மாறினால் வரும் சர்சார்ஜ் வாங்குபவர் கணக்கு' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

மாநாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். 1997-ல் தொடங்கி மொரீஷியஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தில் 23 உறுப்பினர்கள். சர்ச்சை கிளப்பும் இருதரப்பு விஷயங்களைப் பேசக்கூடாது என்பது அதன் சாசனத்திலேயே இருக்கிறது. பிரச்சினையைப் பேசக்கூடாத இடத்தில் பிரச்சினை எப்படித் தீரும்? 2008-ல் இந்தியா தொடங்கிய கடற்படைக் கருத்தரங்கு பரவாயில்லை, அதிகாரிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமாவது வருகிறது. கொழும்புப் பாதுகாப்பு மாநாடு இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றில் தொடங்கி, மொரீஷியஸ், வங்கதேசம் என்று மெல்ல வளர்ந்து, 2024 ஆகஸ்டில் சாசனமும் செயலகமும் பெற்றது. சின்ன வட்டம் என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். மீன்வளத்துக்கு வங்காள விரிகுடாத் திட்டம் என்று நாலு நாட்டு அமைப்பு சென்னையிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பாக் நீரிணையை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நிர்வகிக்க ஒரு பொது அமைப்பு இன்றுவரை கிடையாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லைக்கோடு போட்டன, மீனை யார் எப்படிக் காப்பது என்று சொல்லவில்லை.

பாதுகாப்பில் ஓரளவு தேறியவர்கள் சுற்றுச்சூழலில் கோட்டை விடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் விவகாரம் இதற்குப் பாடநூல். 2021 மே மாதம், சிங்கப்பூர்க் கொடி பறக்கும் புத்தம் புதுக் கப்பல். 1,486 கன்டெய்னர்கள். கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது; ஒரு கன்டெய்னரில் அது கசிந்தது. கசியும் கன்டெய்னரை இறக்க கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் கேட்டார்கள், முடியாது என்றார்கள். குஜராத்தின் ஹசீராவில் கேட்டார்கள், அங்கேயும் அதே பதில். நிபுணர் இல்லை, வசதி இல்லை என்பது காரணம். கப்பல் கொழும்பு வந்தது. மே 20-ல் தீ. நம் கடலோரக் காவல்படையின் வைபவ், வஜ்ரா, சமுத்ர பிரஹரி கப்பல்கள் போய்த் தண்ணீர் அடித்தன. ஜூன் 2-ல் கப்பல் தரைதட்டி மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இலங்கைக் கரையெங்கும் பரவியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இதில் ஒத்துழைப்பு எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று கவனியுங்கள். தீயணைக்க இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, கசிவு தெரிந்தபோது, ஒரே ஒரு பெட்டியை இறக்கி வைக்க இடம் கொடுக்க இல்லை. ஆபத்திலுள்ள கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல், கட்டாயம் இல்லை. எந்தத் துறைமுகமும் அடுத்தவன் நெருப்பைத் தன் வீட்டுக்குள் வாங்க விரும்பாது. எந்தத் துறைமுகம் எந்த வகை அமிலத்தைக் கையாளும், செலவை யார் ஏற்பது, எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் தெற்காசிய நாடுகள் முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் அந்தப் பெட்டி ஹசீராவிலேயே இறங்கியிருக்கும்.

நான்கு ஆண்டுகளில் நம் வாசலிலேயே அடுத்தது. 2025 மே 25-ல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சி அருகே மூழ்கியது. 640 கன்டெய்னர், 13-ல் ஆபத்தான சரக்கு, அதில் 12-ல் கால்சியம் கார்பைடு. மண்டியில் மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிற அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை ஒதுங்கியது. இரண்டே வாரத்தில் வான் ஹாய் 503 என்ற கப்பல் தீப்பிடித்தது.

இப்படி ஒரு கப்பலில் உங்கள் கூழ் இருந்தால்? 20 அடிப் பெட்டியில் 215 கிலோ டிரம் 80 போகிறது, 17.2 டன். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் (பி.எல்.) '80 டிரம்' என்று எண்ணிக்கை இருந்தால், ஒவ்வொரு டிரம்மும் ஒரு பொதி. ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை கப்பல் கம்பெனியின் பொறுப்பு. 80-க்கு 53,000 எஸ்.டி.ஆர். தாண்டும். ஒரு எஸ்.டி.ஆர். ஒன்றேகால் டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். '1 கன்டெய்னர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பெட்டி முழுக்க ஒரே பொதி. அப்போது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். கணக்குதான் கிடைக்கும், மொத்த எடை 18.5 டன் என்றால் 37,000. ஒரு வரியில் பதினாறாயிரம் எஸ்.டி.ஆர். போகிறது. டிராஃப்ட் பி.எல். வரும்போதே இதைப் பாருங்கள், கப்பல் கிளம்பிய பிறகு திருத்துவது பெரும்பாடு. தீ, மாலுமிகள் கப்பலை ஓட்டியதில் செய்த பிழை என்றால் கம்பெனி பொறுப்பிலிருந்தே நழுவலாம். வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், வழக்குக்கு ஓராண்டு; அந்த ஓராண்டு தாண்டினால் வழக்குப் போடும் உரிமை போய்விடும்.

இதோடு ஜெனரல் ஆவரேஜ் என்று ஒரு பழைய வழக்கம். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். 2021-ல் சூயஸில் குறுக்கே நின்ற எவர் கிவனில் அப்படித்தான் அறிவித்தார்கள். உங்கள் டிரம்மில் கீறல்கூட இல்லாவிட்டாலும் பாண்ட் கையெழுத்துப் போட்டு, காப்பீட்டாளரின் உத்தரவாதம் கொடுத்தால்தான் பெட்டி வெளியே வரும். இன்சூரன்ஸ் இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. கடல் ஆட்சிமுறையில் பெரிய ஓட்டை கப்பலில் இல்லை, கரையில் இருக்கிறது. கப்பல் கழிவுக்கு மார்போல் உடன்படிக்கை இருக்கிறது, மீறினால் துறைமுகத்தில் பிடித்து வைப்பார்கள். ஆழ்கடல் உயிரினங்களுக்கான ஒப்பந்தமும் 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நிலத்திலிருந்து ஆறு வழியாகக் கடலுக்குப் போகும் அழுக்குக்குக் கடல் சட்டத்தின் 207-வது பிரிவு 'நாடுகள் சட்டம் இயற்ற வேண்டும்' என்று பொதுவாகச் சொல்வதோடு சரி. பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவில்லாமல் கலைந்தது. தென்பெண்ணையைப் பாருங்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுகிறது. பிறகு கே.ஆர்.பி. அணை, சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல். மாநிலத்துக்கு மாநிலம் தீராத ஒன்று நாட்டுக்கு நாடு எப்படித் தீரும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதில் மாங்கூழ் ஆலைகளுக்கும் பங்கு உண்டு. சீசன் தொடங்கும் மே மாதத்தில் பல ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையம் சரியாக வேலை செய்யாது. காரணம் எளிது: ஒன்பது பத்து மாதம் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் தொட்டியில் செத்திருக்கும். முதல் நாளே பழச்சாறு கலந்த அமிலத் தண்ணீரும், பைப் கழுவிய காஸ்டிக் தண்ணீரும் மாறி மாறி விழுந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். அரவைக்கு மூன்று வாரம் முன்பே ஏரேட்டரை ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஆலையின் சேற்றையோ சாணக் கரைசலையோ விட்டு, நீர்த்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். காஸ்டிக் தண்ணீரை நேரே விடாமல் சமன்படுத்தும் தொட்டியில் தேக்கி, பி.எச். 6.5-க்கும் 8-க்கும் நடுவில் வந்த பிறகு காற்றுத் தொட்டிக்கு அனுப்புங்கள். ஆற்றிலோ ஓடையிலோ விடுவதற்கான வரம்பு, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம். தோலும் கொட்டையில் ஒட்டிய சதையும் சாக்கடைக்குள் போகாமல் முதலிலேயே சல்லடையில் நின்றுவிட்டால், அந்த 30-ஐத் தொடும் வேலையில் பெரும்பாதி முடிந்த மாதிரி.